கிணற்று மேட்டிலிருந்து கடல் மட்டம்

காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பாரு கோடைக்குக் கோடை கல் கட்டிய கயிறு விட்டு, தண்ணீர் எத்தனை அடி கீழே கிடக்கிறது என்று மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதி வைப்பார். ஒரு வருஷம் நல்ல மழை. ஆனாலும் தண்ணீர் ஒரு அடி இறங்கியதாகக் கணக்கு வந்தது. "மழ பேஞ்சும் எறங்குதே, என்ன கண்ணு இது?" அப்புறம்தான் உறைத்தது, நடுவில் கைப்பிடிச் சுவரை ரெண்டடி உயர்த்திக் கட்டியிருந்தோம், கயிறு விட்டது அதன் மேலிருந்து.

கடல் மட்டத்தை எப்படி அளக்கிறார்கள் என்று படிக்கப் போனால் அங்கேயும் இதே தகராறு. துறைமுகத்தில் கடல் மட்டம் அளக்க இருக்கும் பழைய டைட் கேஜே ஒரு கிணறுதான்: கடலில் ஒரு குழாயை நட்டு அடியில் சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள், அலையின் குலுக்கல் உள்ளே வராது, ஓதம் மட்டும் மெல்ல ஏறி இறங்க மிதவையும் கூடவே போய்வரும். மும்பையில் 1878 முதல் இப்படிக் கணக்கு இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தரையை வைத்துத்தான் கடல் எங்கே என்று அது சொல்லும். ஸ்டாக்ஹோமில், பனியுகத்துப் பனிப்பாளத்தின் பாரத்தில் அமுங்கிய தரை இன்னும் எழும்பிக்கொண்டிருப்பதால், கடல் இறங்குவதாகவே காட்டுகிறது. எங்கள் கைப்பிடிச் சுவர் கதைதான்.

செயற்கைக்கோளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1992இல் போன டோபெக்ஸ்/பொசைடன் 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, அது கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் பார்த்தது. பூமியின் மையத்திலிருந்து செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தனியாகக் கணித்து அதில் இதைக் கழித்தால் கடலின் உயரம். காற்றிலுள்ள நீராவி துடிப்பைத் தாமதப்படுத்தும், அதற்கும் கழிவு போட வேண்டும். ஒரு தடவை அளப்பதில் சில சென்டிமீட்டர் பிசகும். உலகக் கடல் முழுக்க அளந்து சராசரி எடுத்துத்தான் கடல் வருஷத்துக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஏறுகிறது என்கிறார்கள். 1993 முதல் ஏறியது சுமார் 10 சென்டிமீட்டர், அரைச் சாண். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013இல் பிரான்ஸோடு சேர்ந்து அனுப்பிய சரல் செயற்கைக்கோளும் இந்த வேலைக்குப் போனதுதான்.

சரி, டைட் கேஜைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முடியாது. செயற்கைக்கோளிலுள்ள கருவியும் வருஷக்கணக்கில் மெல்ல நழுவும், அதைக் கண்டுபிடிக்கக் கரையிலுள்ள டைட் கேஜ்களோடுதான் ஒப்பிட வேண்டும். டோபெக்ஸின் முதல் ஆறு வருஷத்துப் பிசகு அப்படித்தான் பிடிபட்டது. டைட் கேஜ் நிற்கும் தரை எழும்புகிறதா அமுங்குகிறதா என்று ஜிபிஎஸ் வைத்தும் பார்க்கிறார்கள்.

அப்பாரு மறுவருஷமே கிணற்றுக்குள் பாறையில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து அளக்க ஆரம்பித்துவிட்டார். "பாறை எங்க கண்ணு போவும்?"