எண்பது நிமிடக் கௌபாய் படமும் வைட்டியின் சிரிப்பும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அப்பாவுக்குக் குதிரை ஓடியாக வேண்டும். எந்தக் குதிரை, அதன் மேல் யார் என்பதெல்லாம் அவருக்கு முக்கியமில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவில் செட் போடும் தச்சராக இருந்தவர். இப்போது கன்னங்குறிச்சி வீட்டில் அவருக்கு ஒரு டிவி, ஒரு சாய்வு நாற்காலி, ரிமோட் அமுக்க நான். ஆங்கிலம் தெரியாது. கௌபாய் படத்துக்கு அது தேவையும் இல்லை. யார் நல்லவன், யார் கெட்டவன், யார் யாரைச் சுடப்போகிறான் என்று முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

போன வாரம் போட்டது ‘ரைட் கிளியர் ஆஃப் டயாப்லோ’. 1954-ல் யுனிவர்சல் எடுத்த படம், டெக்னிகலர், 80 நிமிடம். இயக்கம் ஜெஸ்ஸி ஹிப்ஸ், நாயகன் ஆடி மர்ஃபி. சிறந்த வெஸ்டர்ன் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதற்கு இடம் கிடைக்காது. நான் போட்டாலும் கிடைக்காது. ஆனால் பட்டியலில் இருக்கிற சில பெரிய படங்களை இரண்டாம் முறை பார்க்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை. இதை மறுபடியும் பார்த்தேன், அதுவும் அப்பா தூங்கப் போன பிறகு, தனியாக.

கதை ரொம்பப் பழசு. கிளே ஓ’மாரா ரயில் பாதைக்கு நிலம் அளக்கும் வேலையில் இருப்பவன். ஊரில் அவன் அப்பாவையும் தம்பியையும் மாட்டுத் திருடர்கள் கொன்றுவிடுகிறார்கள். ஊருக்குத் திரும்புகிறவன், கொன்றவர்களைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஷெரீப்பிடமே உதவியாளனாகச் சேர்கிறான். கொலைக்குப் பின்னால் இருப்பதே அந்த ஷெரீப்பும் ஊர் வக்கீலும்தான். இவனை எப்படிக் கழற்றிவிடுவது என்று பார்த்து, டயாப்லோவில் இருக்கும் வைட்டி கின்கேட் என்ற துப்பாக்கிக்காரன் மேல் சந்தேகம் இருக்கிறது, போய்ப் பிடித்துவா என்று அனுப்புகிறார்கள். போனால் பிணமாகத்தான் வருவான் என்பது கணக்கு. கணக்கு தப்பிவிடுகிறது. (இனிமேல் முடிவு வரை சொல்லப்போகிறேன். படம் வந்து எழுபது வருஷமாகிவிட்டது, என்மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

முதல் குறை என்று எல்லோரும் சொல்லக்கூடியது இதுதான்: குற்றவாளி யார் என்பதைப் படம் நம்மிடம் ஆரம்பத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறது. அப்புறம் என்ன மர்மம்? நாயகன் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது, “அட, உன் பக்கத்தில் நிற்கிறவன்தான்யா” என்று நமக்குக் கத்தத் தோன்றுகிறது. அதுவும் அந்த ஷெரீப்பும் (பால் பர்ச்) வக்கீலும் (வில்லியம் புல்லன்) வில்லன்களாக உப்புச் சப்பில்லாதவர்கள். ஒருவர் வேர்க்கிறார், இன்னொருவர் முறைக்கிறார், அவ்வளவுதான். அவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து திட்டம் போடும் காட்சி வரும்போதெல்லாம் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

ஆனால் இதையே கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், படத்தில் உயிரோடு இருக்கும் ஒரே விஷயம் இந்தக் குறையிலிருந்துதான் முளைத்திருக்கிறது. அதுதான் வைட்டி. நடித்தவர் டான் துரியே.

டயாப்லோ சலூனில் கிளே அவனைத் தேடிப் போகிறான். துப்பாக்கி எடுப்பதில் வைட்டியை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. இந்தப் பொடியன் முந்திக்கொள்கிறான். வேறு எந்தப் படத்திலும் அந்த இடத்தில் வில்லன் அவமானத்தில் பல்லைக் கடிப்பான், ‘பார்த்துக்கறேன்’ என்பான். வைட்டி சிரிக்கிறான். சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை. மூக்கு வழியாக ஏறி, உச்சத்தில் கீச்சென்று முடிகிற ஒரு சிரிப்பு. தன்னை ஒருவன் ஜெயித்துவிட்டான் என்பது அவனுக்கு அவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது. தன்னைக் கைது செய்தவனையே அவனுக்குப் பிடித்துப்போகிறது. விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறவனிடம், நீ எவ்வளவு பெரிய அப்பாவி என்று கிண்டல் செய்துகொண்டே வருகிறான்.

ஏனென்றால் ஊரின் லட்சணம் அவனுக்குத் தெரியும். யார் திருடன், யார் திருடனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவன் என்பதெல்லாம் தெரியும். நமக்கும் தெரியும். தெரியாதது கிளேவுக்கு மட்டும்தான். ஆக, ரகசியத்தை முதலிலேயே உடைத்ததால் நாமும் வைட்டியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறோம். அவன் சிரிக்கிற ஒவ்வொரு முறையும், நாம் டிவி முன்னால் உட்கார்ந்து சிரிக்க வேண்டியதைத்தான் அவன் உள்ளே இருந்து சிரிக்கிறான். கொலைகாரன் யார் என்ற கேள்வி போய், இந்தச் சிரிக்கிறவன் எப்போது சிரிப்பை நிறுத்துவான், நிறுத்தினால் யார் பக்கம் நிற்பான் என்ற கேள்வி வந்துவிடுகிறது. திட்டம் போட்டு இப்படி எழுதினார்களா, தானாக அமைந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. திரைக்கதை எழுதிய ஜார்ஜ் ஜுக்கர்மன்தான் இரண்டு வருஷம் கழித்து இயக்குநர் டக்ளஸ் சிர்க்குக்கு ‘ரிட்டன் ஆன் த விண்ட்’ எழுதினார், அதனால் ஆள் விவரம் தெரிந்தவர் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டெக்ஸ் வில்லர் கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி உடனே பிடிபடும். லயன் காமிக்ஸில் டெக்ஸை விட அவன் கூட்டாளி கார்சனின் புலம்பலுக்காகப் பக்கம் புரட்டிய ஆள் நான். நேர்க்கோட்டில் போகிற நாயகனுக்குப் பக்கத்தில் கோணலான ஒருத்தன் இருந்தால்தான் சவாரி சுகமாக இருக்கும்.

ஆடி மர்ஃபி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. “இந்தப் பையன் முகத்துல ஒண்ணுமே இல்லையே கண்ணு, பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ள மாதிரி இருக்கான்” என்றார் அப்பா. உண்மைதான். அப்பாவும் தம்பியும் செத்த செய்தி கேட்ட முகமும், காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்குத் திரும்புகிற முகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. துக்கம் என்ற ஒன்று இரண்டாவது ரீலிலேயே காணாமல் போய்விடுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்று அப்பாவுக்குச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் மிக அதிகம் பதக்கம் பெற்ற சிப்பாய்களில் ஒருவர் மர்ஃபி. 1945 ஜனவரி 26, பிரான்சில் ஹோல்ட்ஸ்விர் என்ற ஊருக்கருகே, தன் ஆட்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்த பீரங்கி வண்டியின் மேல் ஏறி நின்று இயந்திரத் துப்பாக்கியால் ஜெர்மானியர்களைத் தடுத்து நிறுத்தியவர். அப்போது இருபதை ஒட்டிய வயசு. அதற்குத்தான் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர். திரும்பி வந்த பிறகு தூக்கம் வராமல், தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துக்கொண்டு படுத்தவர். அந்தப் போர்க் கதையை 1955-ல் யுனிவர்சலே படமாக எடுத்தபோது மர்ஃபி மர்ஃபியாகவே நடித்தார். அதற்கும் இயக்குநர் இதே ஹிப்ஸ்தான்.

இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது ஒன்று கவனத்துக்கு வந்தது. துப்பாக்கி கையில் இருக்கும் காட்சிகளில் மர்ஃபி எதையும் ‘செய்வதில்லை’. மற்றவர்கள் கண்ணைச் சுருக்குகிறார்கள், தோளை ஆட்டுகிறார்கள். அவர் சும்மா நிற்கிறார், கை மட்டும் வேலை செய்கிறது. பேசும் காட்சியில் வெறுமையாகத் தெரிந்த அதே முகம், சுடும் காட்சியில் பயமாக இருக்கிறது. இரண்டாவது முறை சொல்லிப் பார்த்தேன். “ம்ம்” என்றார் அப்பா. ஒப்புக்கொண்டாரா, தூக்கமா தெரியவில்லை.

பெண்கள் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம், படமும் அப்படித்தான் சொல்கிறது. சூசன் கேபட் ஷெரீப்பின் அண்ணன் மகளோ தம்பி மகளோ, வக்கீலுக்கு நிச்சயிக்கப்பட்டவள், மனசு மாறி நாயகன் பக்கம் வருகிறவள். ஏன் மாறுகிறாள் என்று யாரும் எழுதவில்லை, கேபட் பாவம் கண்ணாலேயே சமாளிக்கிறார். ஆபி லேன் சலூனில் பாடுகிறார். நம் எழுபதுகளின் படங்களில் வில்லன் கூடாரத்தில் ஒரு கிளப் டான்ஸ் வருமே, அதே உத்தியோகம். பாட்டு முடியும்வரை கதை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. அடியாள் ஜாக் ஈலம் மட்டும் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பிரமாதம். சின்ன வயசில் அடிபட்டுப் பார்வை போன அவருடைய இடது கண், எங்கேயோ தனியாக ஒரு படம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு நடிகர்களை விடத் தெருதான் முக்கியம். யுனிவர்சலின் ஸ்டூடியோ வளாகத்திலேயே கௌபாய் தெரு ஒன்று நிரந்தரமாக நின்றது. மர்ஃபி படங்களை வரிசையாகப் பார்த்தால் ஊர்ப் பெயர் மாறும், பலகை மாறும், தெரு மாறாது. முன்பக்கம் மட்டும்தான் வீடு, பின்னால் முட்டுக் கொடுத்த கட்டைகள். அப்பா அந்தக் காலத்தில் சவுக்குக் கம்பு நட்டு, மேலே பிளைவுட் அடித்து, சாக்குத் துணி ஒட்டிப் பாரிஸ் சாந்து பூசி, காய்வதற்குள் சீப்பால் இழுத்து மரக்கோடு வரவழைத்த கதையைச் சொன்னார். அந்தச் சீப்பு வாங்க ஸ்டூடியோ காசு தராது, வீட்டில் பல் உடைந்த சீப்பைக் கொண்டுபோவார்களாம். “இவன் நெஜ மரமே அடிச்சிருக்கான், காசு இருக்கறவன்” என்று டயாப்லோ சலூனைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த மாதிரிப் படங்களைக் குறைத்துப் பேச உரிமை கிடையாது என்பது என் கட்சி. ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிச்சமிருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரம் காலத்தில் இதே தர்மத்தில்தான் ஓடியது: மாதச் சம்பளம், சொன்ன தேதியில் படப்பிடிப்பு, சொந்த செட், நூறு படங்களுக்கு மேல். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மாதிரி ஒன்று பளிச்சென்று நிற்க, அதைச் சுற்றி எத்தனையோ சாதாரணப் படங்கள் வேண்டியிருந்தன. போதாததற்கு, அமெரிக்கக் கௌபாய் ஆட்களே இங்கு வந்திருக்கிறார்கள். 1952-ல் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியும் சேர்ந்து எடுத்த ‘த ஜங்கிள்’ படத்தின் இயக்குநர் வில்லியம் பெர்க், மலிவு வெஸ்டர்ன்களை வரிசையாக எடுத்துத் தள்ளியவர். நாயகன் ராட் கேமரன், நெட்டைக் கௌபாய் நடிகர். தமிழில் அது ‘காடு’. அப்பா வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய சமாசாரம், அதனால் அவரிடம் கதை எதுவும் கிடைக்கவில்லை.

இந்த மண்ணும் அதற்குத் தோதானதுதான். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்து மண் குவியல்களை வெயில் நேரத்தில் பார்த்திருக்கிறீர்களா? கண் கூசும். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது கீழே அந்த வெள்ளைத் திட்டுகள் தெரியும். படத்தின் கடைசி மோதல் சுரங்கப் பக்கம்தான் நடக்கிறது. அங்கேதான் வைட்டி, தனக்குச் சம்பந்தமே இல்லாத சண்டைக்குள் நடந்து வருகிறான். கிளேவுக்காகக் குண்டு வாங்குகிறான்.

அந்த இடத்தை ஹிப்ஸ் இன்னும் நன்றாக எடுத்திருக்கலாம். அவ்வளவு நேரம் படத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு, விடை கொடுக்க ஒரு முழுக் காட்சி தரவில்லை. 80 நிமிடம் என்றால் 80 நிமிடம்தான், அடுத்த காட்சிக்கு ஆள் வெளியே நிற்கிறது. நாயகனும் நாயகியும் சேர வேண்டும், ‘முடிவு’ போட வேண்டும். வைட்டி இல்லாத அந்தக் கடைசி நிமிடங்களில் படம் சட்டென்று சாதாரணமாகிவிடுகிறது. எண்பதில் எழுபத்தைந்து நிமிடம் ஏன் உட்கார்ந்திருந்தோம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

துரியே–மர்ஃபி ஜோடி பிடித்துப்போனால் 1962-ல் வந்த ‘சிக்ஸ் பிளாக் ஹார்சஸ்’ தேடுங்கள். பர்ட் கென்னடி எழுதியது. அதில் துரியேவுக்குக் களைப்பும் வந்துவிட்டது, சிரிப்பும் குறைந்துவிட்டது, ஆனால் எழுத்து இதைவிடக் கெட்டி. 1957-ன் ‘நைட் பேஸேஜ்’ படத்திலும் இருவரும் இருக்கிறார்கள், துரியேவின் பெயர் அதிலும் வைட்டிதான். அதை ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்காகவும் மலைக்குள் ஓடும் ரயிலுக்காகவும் பாருங்கள். துரியே அதில் படம் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கிறார்.