டேட்டிங் ரியாலிட்டி நிகழ்ச்சியின் போட்டியாளர் தேர்வு: என் அனுபவம்

டேட்டிங் ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்றின் போட்டியாளர் தேர்வில் இறுதிக் கட்டம்வரை சென்று, ஒப்பந்தத்தைப் படித்தபின் நானாகவே விலகிக்கொண்டேன். திரையில் திடீரென்று வெடிப்பதாகக் காட்டப்படும் சண்டைகளில் பல, படப்பிடிப்புக்கு வெகு முன்பே திட்டமிடப்படுகின்றன என்பது அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியானது.

விண்ணப்பமும் அறிமுகக் காணொளியும் எளிதாக முடிந்தன, நேர்காணல்தான் நீண்டது. எப்படிப்பட்ட துணையைத் தேடுகிறேன் என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு, முந்தைய காதல் எப்படி முறிந்தது, எத்தகையவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், நான் விரும்பும் பெண்ணை இன்னொருவரும் விரும்பினால் என்ன செய்வேன் என்பவற்றையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நான் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த வரையில் எதிரே இருந்தவரின் பேனா அசையவில்லை. சற்றே குரலை உயர்த்தியதும் எழுதத் தொடங்கினார்.

மனநல மதிப்பீடும் மருத்துவப் பரிசோதனையும் முறையாகவே நடந்தன. சமூக ஊடகக் கணக்குகளை மட்டும் மேலோட்டமாகப் பார்த்தார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. 2025-இல் ‘லவ் ஐலண்ட் யுஎஸ்ஏ’ என்ற அமெரிக்க டேட்டிங் நிகழ்ச்சியின் 7-ஆவது சீசனில், இனவெறிச் சொல்லைப் பயன்படுத்திய பழைய காணொளியும் பதிவும் வெளிவந்ததை அடுத்து இருவர் வெவ்வேறு சமயங்களில் வெளியேற நேர்ந்தது. பார்வையாளர்கள் தேடிக் கண்டுபிடிப்பதைத் தேர்வுக் குழுவினரால் ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை என்ற கேள்விக்கு, கவனக்குறைவு மட்டுமே விடையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒப்பந்தம் கடைசியில்தான் கைக்கு வந்தது. என் பேச்சை எந்த வரிசையிலும் வெட்டி ஒட்டலாம், கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும், பாதியில் விலகினால் பெருந்தொகை இழப்பீடு தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தன. இத்தகைய விதிகள் புதியவை அல்ல. ‘லவ் இஸ் பிளைண்ட்’ என்ற அமெரிக்க டேட்டிங் நிகழ்ச்சியின் போட்டியாளர் ஒருவர் 2022-இல் தொடுத்த வழக்கில், முன்கூட்டியே வெளியேறினால் 50,000 டாலர் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும், போதிய உணவும் உறக்கமும் தராமல் மதுவைத் தாராளமாக வழங்கியதாகக் கூறப்பட்ட புகாரும் இடம்பெற்றன. 2024-இல் அவ்வழக்கு 14 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

இழப்பீட்டு விதியைத் திருத்த முடியுமா என்று வழக்கறிஞர் வழியாகக் கேட்டேன். அனைவருக்கும் ஒரே ஒப்பந்தம்தான் என்று பதில் வந்ததும், கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினேன். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒப்பந்த நகலை முதல் நேர்காணலிலேயே கேட்டுப் பார்க்கலாம். எனக்கு அது பயண ஏற்பாடுகள் முடிந்த பிறகே கிடைத்தது.