மாடு ஒண்ணு, டைம் ரெண்டு

தை பொறந்துட்டா கிருஷ்ணகிரி பக்கம் மாடு விடற சீசன். குறிப்பிட்ட தூரத்த எந்த மாடு கம்மி செகண்ட்ல ஓடுதோ அதுக்கு பரிசு, அவ்ளோதான் ரூலு, ஆனா சண்டை இல்லாம முடிஞ்சதா சரித்திரமே இல்ல. இப்ப எங்க ஊரு, எங்களோட மோதுன ஊருன்னு ரெண்டு ஊர் வாட்ஸப் குரூப்புலயும் ஓடறது ஒரே வீடியோதான், எங்காளுங்களுக்கு எங்க மாட்டுக்கு ஸ்டாப்வாட்ச்ச லேட்டா நிறுத்துனது தெரியும், அவங்களுக்கு நாங்க மாட்ட முன்னாடியே அவுத்து விட்டது தெரியும். யாரும் பொய் சொல்லல, அதான் விஷயமே.

அமெரிக்காவுல 1951ல பிரின்ஸ்டன், டார்ட்மவுத்னு ரெண்டு காலேஜுக்கு ஃபுட்பால் மேட்ச் (அவங்க ஊரு ஃபுட்பால், பந்த கையில தூக்கிட்டு ஓடறது), ஒருத்தனுக்கு மூக்கு ஒடஞ்சுது, இன்னொருத்தனுக்கு காலு. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரங்க அந்த ஃபிலிம ரெண்டு காலேஜ் பசங்களுக்கும் போட்டு ஃபவுல எண்ண சொன்னாங்க. டார்ட்மவுத் டீம் பண்ண ஃபவுலு, சொந்த காலேஜ் பசங்களுக்கு தெரிஞ்சத விட பிரின்ஸ்டன் பசங்களுக்கு ரெண்டு மடங்குக்கு மேல தெரிஞ்சிருக்கு.

படிச்சா இதெல்லாம் போயிடும்னு சொல்றவங்க என் மச்சான பாக்கணும். ஓசூர்ல கம்பெனியில குவாலிட்டி செக்கிங், வேலையில நூல் பிசக மாட்டான். வீடியோவ ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்தி செவப்புல வட்டம் போட்டு எங்க மாட்டுக்கு அரை செகண்ட் தேத்தி குடுத்துட்டு "டேட்டா பொய் சொல்லாது மாமா"ங்கறான். அவங்க மாட்டுக்கும் அதே மாதிரி பாத்தியாடான்னா ஒரு ஸ்மைலி வருது. 2013ல டான் காஹன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சிக்காரர் டீம் இதத்தான் சொன்னாங்க, தோல் க்ரீம் வேலை செய்யுதான்னு குடுத்த கணக்க கெட்டிக்காரங்க கரெக்டா போட்டாங்க, அதே மாதிரி கணக்க துப்பாக்கி தடையால குற்றம் கொறையுதான்னு குடுத்தப்ப, விடை தன் கட்சிக்கு எதிரா வந்தா அவங்களும் சறுக்குனாங்க. பின்னாடி திருப்பி பண்ணி பாத்த சிலருக்கு அவ்ளோ தெளிவா வரல, ஆனா எனக்கு மச்சான் ஒருத்தனே போதும் (ஆமா, நானும் எனக்கு புடிச்ச டேட்டாவதான் எடுக்கறேன்).

அவன குறை சொல்லவும் முடியல. மாட்டு டைம தப்பா நம்பறதால அவனுக்கு ஒரு ரூபா நஷ்டம் இல்ல, ஆனா "அவங்க மாடுதான் ஃபர்ஸ்ட்டு"ன்னு ஒரு வரி போட்டான்னா டீக்கடையில ஒக்கார முடியாது. அதனால டவுட் இருக்கறவன்லாம் கம்முனு இருக்கான், கத்தறவன் மட்டும் கத்தறான், ராத்திரி "லேசா டவுட்டு"ன்னு ஆரம்பிச்ச குரூப்பு விடியறதுக்குள்ள "திட்டம் போட்டு ஏமாத்திட்டானுங்க"ன்னு வந்து நிக்குது.

அந்த ஊருக்கு பொண்ணு குடுத்த பெரியப்பா ஒருத்தருதான் "ரெண்டும் நல்லாதான்யா ஓடுச்சு, பரிச பாதியா பிரிச்சுக்கங்க"ன்னு வாய்ஸ் போட்டாரு. அடுத்த நிமிஷமே ஒருத்தன் கேக்கறான், "பெரியப்பா, நீங்க எந்த ஊரு?"