பயிர்க்காவல் துப்பாக்கி: அடங்கலில் தொடங்கி எண்ணெய்த் துணி வரை

அமெரிக்காவின் டெக்சாஸில் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளால் பன்றிக் கூட்டத்தைச் சுடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அதுல ஒண்ணு நமக்கு லைசென்ஸ்ல கிடைக்குமா?" என்று நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, கடலாடிப் பக்கம் கேட்கிறார்கள். கிடைக்காது. ஒவ்வொரு முறை விசையை இழுத்ததும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள், 2016 ஆயுத விதிகளின்படி ஆட்சியர் கையெழுத்தில் தரும் வகையில் இல்லை. அதற்கு டெல்லி உள்துறை வரை போகவேண்டும். பயிர்க்காவல் என்ற காரணம் அங்கே எடுபடாது.

டெக்சாஸில் பன்றி வெளியிலிருந்து வந்து பெருகியது. 2019-க்குப் பிறகு அங்கே நில உரிமையாளர் சம்மதித்தால் வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். இங்கே காட்டுப்பன்றி மண்ணின் விலங்கு. 1972 வனஉயிரினச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்படும் உயிர்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிலத்தின் வாகும் வேறு. நம் கரையோரம் தட்டையான தரை, கண்மாய்க் கரையை விட்டால் தவறிய குண்டை வாங்கிக்கொள்ள ஒரு மேடு கிடையாது. சாதாரண .22 குண்டே ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அந்தத் தூரத்துக்குள் உப்பளத்தில் ஆள் இருக்கும், கருவேலங்காட்டில் ஆடு மேய்ப்பவர் இருப்பார். ரைபிள் கிடைக்காதது இந்த ஊருக்கு நல்லதுதான்.

கிடைக்கக்கூடியது எது? 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. உண்மையான பயிர்க்காவலுக்கு குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கிட்டிக்கும் துப்பாக்கி, அதாவது எஸ்.பி.எம்.எல். (சிங்கிள் பேரல் மசில் லோடர்). அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் வேறு மென்குழல் துப்பாக்கி (குழலின் உள்ளே வரியில்லாதது), பெரும்பாலும் 12 போர் (குழல் அளவு) ஒற்றைக்குழல். மனுவில் இரண்டாவதைக் கேட்பதாக இருந்தால் ஏன் முதலாவது போதாது என்று இரண்டு வரி எழுதவேண்டும். மழை ஈரத்தில் மருந்து நமுத்துப்போகிறது, நிலம் இரண்டு துண்டாகக் கிடக்கிறது என்பது போன்ற நிஜமான காரணம் வேண்டும். "பாதுகாப்புக்காக" என்று பொதுவாக எழுதினால் அது தற்காப்பு மனுவாகிவிடும். விசாரணை வேறு வழியில் போகும்.

மனு ஆன்லைனில், ஆயுத லைசென்ஸுக்கான அரசின் என்.டி.ஏ.எல் அலிஸ் தளத்தில், ஏ-1 படிவம். பிரிண்ட் எடுத்து ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். ஆதார், புகைப்படம், மருத்துவச் சான்று, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு). இதில் மனுவைக் கவிழ்ப்பது அடங்கல்தான். மானாவாரி நெல் புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுப்பது நம் வழக்கம். சித்திரையில் மனுப் போட்டால் அடங்கலில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே "தரிசு" என்று இருக்கும். பயிரே இல்லாத நிலத்துக்கு என்ன காவல் என்று கேட்டுத் திருப்பிவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. பசலி, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டு, ஜூலை 1-இல் மாறுவதால் பழைய பசலி அடங்கலும் செல்லாது. கார்த்திகையில் கிராம நிர்வாக அலுவலர் பயிராய்வை ஏற்றியபின் அடங்கல் வாங்கி, அந்த வாரமே மனுவை ஏற்றுங்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம். பங்காளி சண்டை உள்ள குடும்பத்தில் மனு நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிறகு கோப்பு இரண்டு பக்கமாகப் பிரியும். ஒன்று காவல் நிலையம், இன்னொன்று வருவாய்த்துறை. கமுதி, முதுகுளத்தூர், கடலாடிக்காரர்களுக்குக் கோட்டாட்சியர் பரமக்குடி. கீழக்கரை, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலத்துக்கு ராமநாதபுரம். நிலைய விசாரணையில் பழைய வழக்கைக் கேட்பார்கள். கோயில் திருவிழாத் தகராறில் போட்ட அமைதிப் பத்திரம்கூட ஏட்டில் இருக்கும். மறைக்காமல், முடிந்த வழக்கின் தீர்ப்பு நகலைக் கையில் வைத்திருங்கள். இதற்கிடையே வனத்துறையின் கருத்தையும் கேட்கலாம். சேதமான வயலைத் தேதியோடு படமெடுத்து வனச்சரக அலுவலகத்தில் கொடுத்த மனுவின் ரசீது இருந்தால், "பன்றித் தொல்லை உண்டா?" என்ற கேள்விக்கு அதுவே பதில். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. சொத்து போதாது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி மறுக்கச் சட்டம் விடாது.

லைசென்ஸ் கைக்கு வந்தவுடன் பலர் வழுக்கும் இடம் இது: பயிர்க்காவல் லைசென்ஸ் பன்றியைச் சுடும் அனுமதி அல்ல. துப்பாக்கி வைத்திருப்பது ஆயுதச் சட்டம், விலங்கைக் கொல்வது வனஉயிரினச் சட்டம், இரண்டும் தனித்தனி. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டில்கூடச் சுடுவது வனத்துறைப் பணியாளர்கள்தான். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், மூன்றுக்கு அப்பால்தான் சுடலாம். நம் மாவட்டத்தில் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர் நிறைய. ஆனாலும் கிராம அளவுக் குழு வழியாகத்தான் கோரிக்கை போகவேண்டும். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருக்கும் ஊரில் யார் கையெழுத்து என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அறுவடையே முடிந்துவிடும். மிளகாயைக் கொத்தும் மயில் முதல் அட்டவணை, அதன் பக்கமே துப்பாக்கியைத் திருப்பக்கூடாது. மேலச்செல்வனூர், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற சரணாலயக் கண்மாய்களை ஒட்டி நிலம் உள்ளவர்கள் வெடிச்சத்தத்துக்குக்கூட முதலில் வனத்துறையிடம் கேட்பது நல்லது.

ஆகவே நடைமுறையில் இந்தத் துப்பாக்கி ஒரு சத்தம் போடும் கருவி. எஸ்.பி.எம்.எல்.லில் ரவை (ஈயக் குண்டு) போடாமல் மருந்தும் அடைப்பும் மட்டும் வைத்து வெடிப்பார்கள். அடைப்புக்குத் தேங்காய் நாரை வைக்காதீர்கள். கனன்றபடி பறந்து விழுந்து, தை மாத வைக்கோலில் தீப்பிடித்துவிடும். கெட்டி அட்டை வட்டம் நல்லது. நான்கைந்து ராத்திரி ஒரே நேரம், ஒரே இடத்தில் வெடித்தால் பன்றிக்குப் பழகிப்போகும். நேரத்தையும் மூலையையும் மாற்றுங்கள். சீமைக் கருவேலத்தை வரப்பிலிருந்து பத்து மீட்டர் வெட்டி வெளியாக்கினால், ஒதுங்க நிழலில்லாத வெளியைக் கடக்கப் பன்றி தயங்கும். பழைய சேலை வேலி அதற்கப்புறம்தான். அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி), திருட்டுக் கரண்ட் வேலி இரண்டும் ஆளைக் கொல்லும், பேச்சுக்கே இடமில்லை.

இனி இந்தக் கரைக்கே உரிய தொல்லை, துரு. கருமருந்துக் கரியில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வாலிநோக்கம், ஏர்வாடி உப்புக்காற்றில் வெடித்த மறுநாளே குழலின் உள்ளே செம்புள்ளி தெரியும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அன்றைக்கே, கொஞ்சம் சோப்புக் கலந்த வெந்நீரைக் குழலில் ஊற்றி, கம்பித் துணியால் மேலும் கீழும் இழுத்து, கரி நிறம் போகும்வரை கழுவவேண்டும். காய்ந்த துணி நான்கைந்து போட்டு ஈரத்தை எடுத்து, குழல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். மருந்துத் துளையை ஊசியால் குத்திப் பாருங்கள், வெடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். தோலுறையில் போட்டு மூலையில் சாத்தக்கூடாது, தோல் ஈரத்தை வைத்துக்கொள்ளும்.

12 போரில் தோட்டாவைப் பாருங்கள். பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறினாலோ உடம்பு உப்பியிருந்தாலோ போடவேண்டாம். பழைய துப்பாக்கி வாங்கினால் அறை 65 மி.மீ.யா 70 மி.மீ.யா என்று கேளுங்கள். 65 அறையில் 70 தோட்டாவும் உள்ளே போய்விடும், சிக்கல் அதுதான். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். வெடிக்காத தோட்டாவை உடனே திறந்து பார்க்காதீர்கள். குழலை ஆளில்லாத திசையில் பிடித்து, ஒரு நிமிடமாவது பொறுங்கள். ஒவ்வொரு முறையும் போடும் முன் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். கொஞ்சநாள் சும்மா சாத்திவைத்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதோடு வெடித்தால் குழல் பிளக்கும்.

லைசென்ஸ் ஐந்து வருடம். 2019 திருத்தத்துக்கு முன்பு மூன்று. முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க மனுப் போட்டுவிடுங்கள். தேர்தல் வந்தால் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைக்கும் முன் குழலுக்குள்ளும் வெளியிலும் கெட்டியாக எண்ணெய் தடவி, வாயில் எண்ணெய்த் துணியைச் செருகி, துப்பாக்கி எண் எழுதிய ரசீதில் "நல்ல நிலையில்" என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொல்லி வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது அந்தத் துணியை உருவி, குழலை அங்கேயே, வெளிச்சத்தில், எழுத்தர் முன்னால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.