நான்காவது சீகைப்பட்டைப் பலகை வெடிக்கவில்லை

சீகை (வாட்டில்) மரத்தின் பட்டையை அரைத்து, பசை தெளித்து, சூட்டில் அழுத்திப் பலகை செய்து பார்க்கிறேன். மூன்று பலகைகள் பிளந்த பிறகு, நேற்றிரவு எடுத்த நான்காவது முழுதாக வந்துவிட்டது. 30-க்கு 30 சென்டிமீட்டர், 10 மில்லிமீட்டர் கனம். கடைப் பசை ஒரு சொட்டுகூட இல்லை. பட்டையைக் காய்ச்சி எடுத்த டானின் என்ற துவர்ப்புச் சத்தும், அதை இறுக வைக்கும் ஹெக்சமைன் பொடியும்தான் பசை. தென்னாப்பிரிக்காவில் 1970-களிலேயே இதே மரத்தின் டானினை வைத்துப் பார்ட்டிகிள் போர்டு (மரச்சீவலைப் பசையிட்டு அழுத்திய பலகை) செய்தார்கள். நீலகிரியிலோ சீகையை வெட்டிய பல இடங்களில் பட்டை அங்கேயே மட்கிப் போகிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

தொல்லை கொடுத்தது நீராவி. 180 டிகிரியில் பத்து நிமிடம் அழுத்திவிட்டு, அழுத்தத்தை இறக்க ஜாக்கின் வால்வைத் திறந்ததும் 'டப்' என்று சத்தம் வரும். மேலும் கீழும் கல்லாக இறுகியிருக்கும். நடுவில் இரண்டாகப் பிரிந்து ஆவி பறக்கும். பசை போதவில்லை என்று இரண்டாம் முறை கூட்டினேன், இன்னும் மோசமாகப் பிளந்தது. பசையோடு தண்ணீரையும் கூட்டியிருக்கிறேன் என்பது தராசில் வைத்த பிறகுதான் புரிந்தது. இம்முறை பசை தெளித்தபோது 725 கிராம் இருந்த கலவையை, 680 கிராமுக்கு இறங்கும்வரை நிழலில் பரப்பிக் கிளறிக்கொண்டே இருந்தேன். அழுத்தி முடித்ததும் வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். அதற்கே மூன்று நிமிடம் ஆனது. நாலு ஓரத்திலும் ஆவி சீறிச் சீறி அடங்கியது. அந்தச் சீறல் முழுதாக நிற்கும்வரை தகட்டைத் தூக்கவே கூடாது.

இன்னொன்று: காய்ச்சுவதற்கு இரும்புச் சட்டி ஆகாது, டானின் மை போலக் கறுத்துவிடும். அழுத்தும் தகடும் இரும்புதான் என்பதால் நடுவே அலுமினியத் தகடு வைக்கிறேன்.

பட்டை தரும் மரவெட்டு ஒப்பந்ததாரர் இந்த முறை மண்ணோடு மூட்டை கட்டிவிட்டார். அரைக்கும் கத்தி ஒரே நாளில் மழுங்கியது. அடுத்த மூட்டையை நானே போய் உரித்த இடத்தில் அள்ளப்போகிறேன். பட்டை மட்டும் என்றால் வளைத்தால் சட்டென்று முறியும். அதனால் ஐந்தாவதில் நடுவில் பட்டை, இரு முகத்திலும் மரச்சீவல் என்று மூன்று அடுக்காக அடுக்க எண்ணம். சவுக்குச் சீவல் இரண்டு மூட்டைக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

நான்காவதின் ஓரத்தை இன்னும் அறுக்கவில்லை. எவ்வளவு ஊதுகிறது என்று பார்க்க, ஒரு மூலையை மட்டும் வெட்டிக் காலையில் வாளித் தண்ணீரில் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் 10 மில்லிமீட்டர் கனம் 11.2 ஆகியிருக்கிறது, விளிம்பு உதிரவில்லை, தண்ணீர் மட்டும் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கிறது. நாளைக் காலை 24 மணி நேரம் ஆனதும் மறுபடி அளக்க வேண்டும்.