அம்மா நேர்ந்த பெத்லகேம்

"டிசம்பர் மாசத்துல வீட்டை விட்டு எங்கயாவது போவாங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. தூத்துக்குடியில் கிறிஸ்மஸ் வீடு என்றால் சும்மாவா? நவம்பர் கடைசியிலேயே வெள்ளையடிப்பு தொடங்கிவிடும். ஸ்டார் கட்ட வேண்டும், முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்க வேண்டும், அச்சுமுறுக்குக்கு மாவு திரிக்க வேண்டும், கேக்குக்குப் பழம் ஊறப்போட வேண்டும், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்ப மக்ரூனுக்குச் சொல்லிவைக்க வேண்டும். இயேசு பிறந்த காட்சியை ஜோடிக்கும் குடிலில் பச்சையாக வைக்கத் தட்டில் கேழ்வரகு தூவி முளைக்கப் போடுவதும் என் பொறுப்புதான். நடுவில் அன்பியத்தில், அதாவது பங்கின் தெருக் குழுவில், கேரல்ஸ் எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்ற சண்டை, பாடகர் குழுவுக்கு என்ன கலர் சேலை என்ற சண்டை. இருபத்திநாலாம் தேதி ராத்திரிப் பூசையில் சாமியார் பாலன் இயேசுவைத் தூக்கிக் காட்டும் நேரத்தில் பாதிப் பெண்களுக்குத் தூக்கம், மீதிப் பேருக்குக் காலையில் வைக்கப்போகும் பிரியாணிக் கவலை.

ஆனால் 2019-ல் தம்பிக்கு லீவு கிடைத்தது டிசம்பர் முதல் வாரத்தில்தான். அந்தத் தேதியில் ஒரு புனித நாட்டுத் திருப்பயணக் குழு கிளம்புவதாக எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். மாதா வழி விட்டுவிட்டார், இனி முறுக்காவது ஒன்றாவது என்று பெயர் கொடுத்துவிட்டோம்.

நேர்ச்சை அம்மாவுடையது. தம்பிக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அது டிசம்பர் மாதம். வார்டு வராந்தாவில் நர்சம்மாக்கள் சின்னதாக ஒரு குடில் வைத்திருந்தார்களாம். அம்மா அதன் முன்னால் விழுந்து, "என் பிள்ளையக் குடுத்துரு பாலனே, நீ பிறந்த எடத்துக்கே கூட்டிட்டு வந்து முத்தி செய்ய வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். முத்தி என்றால் எங்கள் பேச்சில் முத்தம். வேளாங்கண்ணி, உவரி, மணப்பாடு என்று பஸ் போகிற ஊராகப் பார்த்து நேரக்கூடாதா என்று அப்பாவே சிரித்தாராம். தம்பி பிழைத்தான். அம்மா கடைசிவரை எங்கள் ஊர்ப் பனிமய மாதா கோவிலைத் தாண்டி அதிகம் போனதில்லை. படுக்கையில் கிடந்தபோதும் என் கையைப் பிடித்து "கடன் நிக்கி" என்றுதான் சொன்னாள். பெற்றவள் கடன் பிள்ளைகள் தலையில். அவள் செபமாலையை ஒரு சுருக்குப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

விமானம், வளைகுடாவில் காத்திருப்பு, அம்மான், யோர்தான் எல்லைச் சோதனை எல்லாம் எப்படியோ கழிந்தது. எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் சிமெண்டுச் சுவர், சோதனைச் சாவடி, துப்பாக்கியோடு சின்னப் பிள்ளைகள். பஸ்ஸில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சுவரைப் பார்த்ததும் கொஞ்சம் நிறுத்திவிட்டார்கள். சமாதானத்தின் அரசர் பிறந்த ஊருக்கு இப்படியா போக வேண்டும்?

முதல் நாள் சாயங்காலம் பெய்த் சகூரில் இடையர் வயலுக்குப் போனோம். கூடாரம் போலக் கட்டிய கோவிலுக்குப் பக்கத்தில் குகைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. கூரை முழுக்கக் கரி படிந்த பாறை, உட்காரக் கல் திண்ணை. ஊரில் திருவருகைக் காலத்தில், அதாவது கிறிஸ்மஸுக்கு முந்திய வாரங்களில், வானதூதர் பாட்டான "உன்னதங்களிலே" பாடமாட்டோம். இங்கே வருகிற குழுக்களுக்கு வருஷம் முழுக்கக் கிறிஸ்மஸ் பூசைதான். சாமியார் தொடங்கியதும் அத்தனை பேரும் தொண்டை கிழியப் பாடினோம். பக்கத்துக் குகையில் வேறு பாஷைக்காரர்களும் அதையேதான் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பிரசங்கத்தில் சாமியார் ஒன்று சொன்னார். "நம்ம கிறிஸ்மஸ் நாடகத்துல சத்திரக்காரன்னு ஒருத்தன் வந்து கதவைச் சாத்துவான்ல? லூக்கா நற்செய்தியில அப்படி ஒரு ஆளே கிடையாது. விடுதியில இடம் கிடைக்கலன்னு மட்டும்தான் எழுதியிருக்கு. அன்னைக்கு யாரும் கெட்டவங்க இல்ல. மக்கள்தொகைக் கணக்கு, ஊர் முழுக்க விருந்தாளி, எல்லாருக்கும் வேலை. அவ்வளவுதான்." என் மகன் மறைக்கல்வி நாடகத்தில் ஒட்டுமீசை வைத்துச் சத்திரக்காரனாக நடித்தவன், அதனால் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. விருந்தாளி நிறைந்த வீட்டில் பாய் விரிக்கவும் தண்ணீர் சூடாக்கவும் ஓடிய ஏதோ ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போயிருக்கும். அவளை எனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றியது.

மறுநாள் காலையில், இயேசு பிறந்த குகையின் மேல் கட்டிய பிறப்புக் கோவில். அப்படித்தான் பயணத்திட்டத்தில் போட்டிருந்தது. ஆனால் பஸ் போய் நின்றது ஒலிவ மரச் சிற்பக் கடையில். வழிகாட்டிக்கும் கடைக்கும் என்ன ஏற்பாடோ, ஒன்றரை மணி நேரம் அங்கேயே கரைந்தது. மரச் சிலைகள் அழகுதான். பெத்லகேம் கிறிஸ்தவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த உளியும் மரமும்தான் சோறு. வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை, நானும் ஒரு சின்னக் குடில் செட் வாங்கினேன். கடைக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்துவிட்டு, குகைக்கு "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினால் வயிறு எரியாதா?

கோவில் சதுக்கத்தில் பெரிய கிறிஸ்மஸ் மரம், எதிரே உமர் மசூதி. "ஒன் டாலர், ஒன் டாலர்" என்று செபமாலைக் கொத்தை முகத்துக்கு நேரே ஆட்டுகிறவர்கள், வரிசையில்லாமல் உள்ளே விடுகிறேன் என்று காதோரம் பேரம் பேசுகிறவர் எல்லாம் அங்கேயும் உண்டு. வாசல் நாலடி உயரம்தான். குதிரையோடு யாரும் உள்ளே புகுந்துவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் கல் வைத்து அடைத்துச் சிறிதாக்கியது என்கிறார்கள். ராசாவானாலும் குனிந்துதான் போக வேண்டும். குனிந்து நிமிர்ந்தால் மங்கிய சிவப்புக் கல் தூண்களுக்கு நடுவே ஒரு ஜன சமுத்திரம். கான்ஸ்டன்டைன் காலத்து மொசைக் தரையைப் பலகை திறந்து காட்டுகிறார்கள். மேலே சுவரில் 2013-க்குப் பிறகு நடந்த சீரமைப்பில் துடைத்தெடுத்த மொசைக் வானதூதர்கள் மின்னுகிறார்கள். அதையெல்லாம் அண்ணாந்து பார்க்க விட்டால்தானே!

மூன்று மணி நேரத்துக்கு மேல் வரிசை. ஆளாளுக்குக் கொடி பிடித்த வழிகாட்டிகள், குறுக்கே புகுந்து தள்ளும் குழுக்கள். தம்பி பெண்டாட்டி ஃபோனை விடவே இல்லை. "மைனி, சேலை மெரூன் கலர்னு முடிவு பண்ணிட்டாங்களாம், நமக்கும் சேர்த்து எடுக்கவான்னு கேக்காங்க." "மைனி, குடிலுக்கு இந்த வருஷம் தெர்மாகோல் கூடாதாம்." எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் நேற்றைய பிரசங்கம். இயேசு பிறந்த குகைக்கு ஐம்பதடி தூரத்தில் நின்றுகொண்டு குடிலுக்கு என்ன மெட்டீரியல் என்று பேசிக்கொண்டிருந்தோம். "ஏட்டி, உள்ள வச்சிட்டு ஒரு பத்துமணிச் செபம் சொல்லு" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே பையில் போட்டாள். எங்களுக்கு முன்னால் நைஜீரியாக்காரர்கள், எல்லோருக்கும் ஒரே துணியில் தைத்த உடை. அதில் ஒரு பெரியம்மா என் முழங்கால் படும் பாட்டைப் பார்த்து, பேச்சில்லாமல் என் முழங்கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார். படி இறங்கும்வரை விடவே இல்லை. அவர் பெயர்கூடக் கேட்கவில்லை.

குகைக்கு இறங்கும் படிகள் அரைவட்டமாக, தேய்ந்து வழுக்கும். கீழே மெழுகுப் புகை, எண்ணெய் வாசம், மனித வெக்கை. பீடத்துக்கு அடியில் பதினாலு முனை வெள்ளி விண்மீன். மேலே 15 விளக்குகள். "இங்கே கன்னி மரியாவிடம் இயேசு கிறிஸ்து பிறந்தார்" என்று சுற்றிலும் லத்தீனில் வெட்டியிருக்கிறது. விண்மீனின் நடுவில் ஒரு வட்டத் துளை. அதற்குள் கை விட்டால் பாறையைத் தொடலாம்.

தம்பி முதலில் போனான். முழங்காலில் விழுந்து, பீடத்துக்கு அடியில் தலையை நுழைத்து முத்தி செய்தான். சுருக்குப் பையிலிருந்து அம்மாவின் செபமாலையை எடுத்துத் துளைக்குள் கை விட்டான். காவலுக்கு நின்றவர் "யல்லா, யல்லா" என்று தோளில் தட்டுகிறார். அவன் எழுந்திருக்கவில்லை. அந்த விளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் பின்னந்தலைதான். முழுக்க நரைத்திருந்தது. நாலு வயதில் ஐஸ் கட்டி வைத்து வைத்து மயிர் உதிர்ந்த தலை அது. வார்டில் அந்தத் தலையை மடியில் போட்டுக்கொண்டுதானே அம்மா இந்த இடத்தைக் கேட்டாள்! காவல்காரர் மூன்றாம் முறை சத்தம் போட்டபோது நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன நினைத்தாரோ, வரிசையை ஒரு கையால் மறித்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

பிறகு நான். எழுதி வைத்திருந்த மன்றாட்டுகள் ஒரு தாள் நிறைய. மகளுக்கு வரன், பேரனுக்கு விசா, பக்கத்து வீட்டம்மாவுக்கு ஆபரேஷன். அந்தத் தாள் கைப்பையிலேயே கிடந்தது. துளைக்குள் விரலை விட்டேன். கல் சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். இத்தனை பேர் கை பட்டு வெதுவெதுப்பாக, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி போல இருந்தது. "வந்துட்டோம்" என்று மட்டும் சொன்னேன். பாலனிடமா, அம்மாவிடமா, தெரியாது. ஆண்டவரே, எத்தனை கோடி நன்றி சொன்னாலும் தகுமா! எதிரே நாலெட்டில் பாலனைக் கிடத்திய தீவனத் தொட்டி இருந்த இடம். அங்கே நின்று அழவாவது விட்டார்கள், அதற்கும் நன்றி. விரட்டிய வழிகாட்டிக்கும் நன்றி, கை கோத்த அந்தப் பெரியம்மாவுக்கும், வரிசையை மறித்த காவல்காரருக்கும், லீவு கொடுத்த தம்பியின் முதலாளிக்கும் நன்றி.

ஒட்டியே இருக்கும் புனித கத்தரீனாள் கோவிலில் இன்னொரு பாக்கியமும் கிடைத்தது. ரோமாபுரி புனித மரியா பேராலயத்தில் காலங்காலமாகக் காத்துவரும் தீவனத் தொட்டி மரத்திலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு துண்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நவம்பர் கடைசியில்தான் பெத்லகேமுக்கு அனுப்பிவைத்திருந்தார். கண்ணாடிக்குள் இருந்த அந்த மரத்தின் முன்னால் மண்டியிட்டோம். எல்லாம் தன் கையில் இருந்தும் இவ்வளவு மரம்தான் பாலனுக்குப் படுக்கை.

ஊருக்கு வந்தபோது ஸ்டார் கட்டியிருக்கவில்லை, முறுக்கு சுட்டிருக்கவில்லை. யாரும் செத்துப்போய்விடவில்லை. அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் முதலில் குடில், மற்றதெல்லாம் பிறகு. இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவேன். தம்பி குடும்பமும் வந்துவிடும். குடில் முன்னால் அவன் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிப்பான், ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லிவிட்டு நடந்தே கோவிலுக்குப் போவோம். கிறிஸ்மஸ் அன்று காலையில் இட்லிதான், பிரியாணி மதியத்துக்குத்தான். மாமியார் வழி உறவில் இதைப் பற்றி இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. முந்திரிக்கொத்தை மட்டும் விடவில்லை, அதை விடச் சொல்லி எந்த நற்செய்தியிலும் எழுதவில்லை.

2023-ல் காசா சண்டையால் அந்தச் சதுக்கத்தில் மரமும் வைக்கவில்லை, விளக்கும் போடவில்லை என்று செய்தியில் பார்த்தோம். வரிசையே இல்லாத வெறும் சதுக்கம். ராத்திரிப் பூசை மட்டும் வழக்கம்போல நடந்தது. எங்களை உட்காரவைத்து ஏலக்காய் போட்ட காப்பி கொடுத்த அந்த ஒலிவ மரக் கடைக்காரர்களை நினைத்து வீட்டில் ஒரு நவநாள், ஒன்பது நாள் செபம், வைத்தோம்.

போகிறவர்களுக்கு ஒன்று. பயணத்திட்டத்தைக் கையில் வாங்கும்போதே பிறப்புக் கோவிலுக்கு விடியற்காலை நேரம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், கடையைச் சாயங்காலத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படியிறங்கும்போது பக்கத்தில் நிற்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் தயங்காமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோனைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டுப் போங்கள், சேலைக் கலரை ஊரில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.