12 வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகம்

ஃபின்லாந்து மெட்டல் இசைக்குழு வின்டர்சனின் 'டைம் 2' ஆல்பம் வந்த அன்று, பாதிப் பேர் பாட்டைக் கேட்பதற்கு முன்பே கிண்டலை ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. முதல் பாகம் வந்தது 2012 அக்டோபரில். இரண்டாவது 2024 ஆகஸ்ட் 30-ல். ஒரே பாட்டில் அடுக்கும் இத்தனை ஒலிப்பதிவுகளைத் தாங்கக் கணினிக்குத் தெம்பில்லை, சொந்த ஸ்டூடியோ வேண்டும் என்று குழுவின் தலைவரும் பாடகருமான யாரி மேன்பா சொல்லிக்கொண்டே இருந்தார். 2017-ல் ரசிகர்களிடம் பணம் திரட்டி வெளியிட்டது வேறொரு ஆல்பம்! ஃபின்லாந்துக்காரர் வேறா, 'காசெல்லாம் சௌனா (அந்த ஊர் நீராவிக் குளியலறை) கட்டத்தான் போச்சு' என்ற ஜோக் இன்னும் ஓயவில்லை.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். 'தி வே ஆஃப் தி ஃபயர்' பல வருடமாக மேடையில் வாசித்த பாட்டு. கரகரப்பான கச்சேரி வீடியோக்களிலேயே அதை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஸ்டூடியோ வடிவம் ஏனோ ஒட்டவில்லை. ஆறு டிராக்கில் இரண்டு வெறும் வாத்திய இசை என்பது இன்னொரு புகார். எனக்கு அது பெரிய குறையில்லை. முதல் டிராக்கின் கிழக்காசியச் சாயல் மெட்டு முடிந்து டிரம்மர் கை ஹாட்டோவின் டிரம்ஸ் இறங்கும் இடத்துக்கு அந்த நிதானம் தேவைதான்.

'ஸ்டார்ம்' பாட்டு விஷயத்தில் மட்டும் புகார்க்காரர்கள் பக்கம் நிற்கிறேன். கிட்டார், கீபோர்டு, கோரஸ் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, யாரியின் உறுமலே அடியில் நசுங்கிவிடுகிறது. ஹெட்ஃபோனை மாற்றிப் பார்த்தும் பலனில்லை.